அவள் சாவாள், நான் அழுவேன்

கேமராவுக்கும் மைக்குக்கும் முன்னால் மட்டும் வள்ளிக்கண்ணு எண்பத்து மூன்று தடவை செத்திருக்கிறாள். தெருவில் செத்தது தனி. எண்பத்து மூன்றிலும் பக்கத்தில் உட்கார்ந்து மாரடித்து அழுதவள் நான்தான் என்று சொன்னால் பொய். ஓர் அறுபது இருக்கும். மற்றதற்கெல்லாம் வேறு யாரையாவது அழவைத்திருப்பார்கள். அது என்ன லட்சணத்தில் இருந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினால் அழுகை என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஜென்மங்கள் அதுகள்.

என் பெயர் லூர்துராணி. பொன்மலைக்காரி. டிவியில் எந்த வீட்டு எழவிலாவது கால்மாட்டில் உட்கார்ந்து தலையை விரித்துப் போட்டு அழுகிற ஒரு தடித்த பொம்பளையைப் பார்த்திருப்பீர்கள். அது நானாக இருக்கலாம். அவள் சாவாள், நான் அழுவேன். முப்பத்தோரு வருஷம் எங்கள் பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

ஆரம்பம் 1992. அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்த காலம். அதற்கென்று தெருநாடகக் குழுக்கள் இருந்தன. பின்னால் டீச்சர் வேலை கிடைக்கும் என்று எவரோ சொன்னதை நம்பி நான் சேர்ந்தேன். வள்ளிக்கண்ணு துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தாள். வெங்காயம் போடுகிற குடும்பம். அவளுக்கு வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நாலு பேர் சுற்றி நின்று தன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இதை மறைக்காமல் சொல்லுவாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நாடகம் இதுதான்: எழுத்துத் தெரியாத ஒரு பெண் இருமல் மருந்து என்று நினைத்துப் பூச்சிமருந்தைக் குடித்துச் சாகிறாள். அவள் வள்ளிக்கண்ணு. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அழுகிறாள். அது நான். துறையூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், சந்தை நாளில் போட்டோம். மகள் டீச்சர் பயிற்சிக்குப் போகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்த அவள் அப்பா, அன்றைக்கு வெங்காய மூட்டையோடு சந்தைக்கு வந்திருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பார்த்திருக்கிறார். மகள் வாயில் நுரையோடு மண்ணில் கிடக்கிறாள், பக்கத்தில் மருந்துப் பாட்டில். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ என் தாயே" என்று அவர் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. கூட்டம் அதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. வள்ளிக்கண்ணு கண்ணைத் திறந்து, "அப்பா, நாடகம்ப்பா" என்றாள். கைதட்டல் இன்னும் பலமாயிற்று.

அவர் அவளை அடிக்கவில்லை. தலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். ஊருக்குப் போனதும் பம்புசெட்டில் மூன்று முழுக்குப் போட்டுத் தலைமுழுகினாராம். அடுத்த நாள் ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார். "நான் அழுதது அழுததுதான். செத்தவ செத்தவதான். இங்க வர வேண்டாம்னு சொல்லு."

அவள் போகவில்லை. எங்கள் குழுவின் வேனை ஓட்டியவர் பெயர் பெரியண்ணன். பேச்சே கிடையாது. அவர் பேசுவதற்குள் நாம் ஊருக்குப் போய்த் திரும்பிவிடலாம். அந்த மனுஷன்தான் வயலூர் கோயிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்டினார். பெண் வீட்டுச் சார்பாக நின்றது நான். சிலுவைச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, நாத்தனார் முடிச்சும் நானே போட்டேன். அன்றிலிருந்து அவருக்கு நான் தங்கச்சி, எனக்கு அவர் அண்ணன்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் குடி வந்தார்கள். பிள்ளை இல்லை. பெரியண்ணன் ஒரு குட்டியானை வண்டி வாங்கி காந்தி மார்க்கெட்டுக்கு லோடு அடித்தார். நாங்கள் இரண்டு பேரும் திருச்சியில் யார் நாடகம் போட்டாலும் போய் நின்றோம். பிறகு சினிமாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆறும் பாலமும் கோயிலும் வேண்டுமென்றால் இங்கேதானே வரவேண்டும். கதாநாயகியைப் பம்பாயிலிருந்து கொண்டுவருவார்கள். பிணத்தை உள்ளூரில் பிடிப்பார்கள்.

பிணமாகப் படுப்பதை லேசாக நினைக்காதீர்கள். மூச்சை முழுசாக இழுத்து அடக்கினால் நெஞ்சு உப்பித் தெரியும். பாதி வெளியே விட்டுவிட்டு அடக்க வேண்டும். மூடிய இமைக்குள் கண்ணை மூக்கு நுனியில் நிறுத்தாவிட்டால் விழி உருளுவது வெளியே தெரியும். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சேர்த்துக் கட்டு, கட்டைவிரல்களைச் சேர்த்து இன்னொரு கட்டு. வெயிலில் மாலைக்கு ஈ மொய்க்கும். உதட்டில் ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது. வள்ளிக்கண்ணு அசைய மாட்டாள். அவள் முகத்தில் உட்கார்ந்த ஈயை நான் அழுதுகொண்டே தலைமுடியால் விரட்டுவேன். டைரக்டர்கள் அதை நடிப்பு என்று பாராட்டினார்கள்.

முதல் சினிமாப் பிணம் முக்கொம்பில். ஷாட் முடிந்ததும் எழப்போனவளைக் கேமராக்காரர் நிறுத்தினார். "அம்மா, இப்படியே போயிடாதீங்க. எந்திரிச்சு உக்காந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிங்க. பொணமா எடுத்ததோட விடக் கூடாது. சிரிக்கிறதையும் கொஞ்சம் எடுத்துட்டாத்தான் ஆயுசுக்கு நல்லது."

சினிமாவில் இது பழக்கம். படத்தில் வராது, ஆனால் எடுப்பார்கள். வள்ளிக்கண்ணு தாடைக் கட்டை அவிழ்த்துவிட்டுப் பஞ்சு மூக்கோடு சிரித்தாள். கொஞ்சம் தள்ளி நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியண்ணனுக்கு அது வேதவாக்காகிவிட்டது. அன்றிலிருந்து அவள் பிணமாகப் படுக்கிற எந்த இடத்துக்கும் லோடை விட்டுவிட்டு வந்துவிடுவார். கேமராவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாள் முழுக்க அவர் பேசுகிற ஒரே பேச்சு, "சிரிப்பு எடுத்தாச்சுங்களா?" என்பதுதான். யூனிட்டில் அவருக்குச் சிரிப்பு அண்ணன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு தடவை வெளிச்சம் போகிறதென்று சிரிப்பு எடுக்காமலே பேக்கப் சொல்லிவிட்டார்கள். பெரியண்ணன் சண்டை போடவில்லை. தன் குட்டியானையைக் கொண்டுபோய்ச் சந்தின் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியை மடியில் கட்டிக்கொண்டு பீடி பற்றவைத்தார். கேமரா வண்டி நகர முடியவில்லை. டைரக்டர் கத்தினார், மேனேஜர் கெஞ்சினார். கடைசியில் கட்டின கேமராவைப் பிரித்து, ஜெனரேட்டர் போட்டு, அவள் சிரிப்பை எடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. "கிறுக்கன் பொண்டாட்டியா நீ" என்று நான் கேட்டதற்கு, "ஆமாண்டி, உனக்குப் பொறாமையா?" என்றாள். பொறாமைதான். எனக்காக எவன் வண்டியைக் குறுக்கே விட்டான்?

குரல் வேலையும் அப்படியே வந்தது. தில்லை நகரில் அனீஸ் என்று ஒருவர் மாடியில் சின்ன ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். ஆட்டோவில் போடுகிற ஜவுளிக்கடை விளம்பரம் முதல் வேற்று மொழி சீரியலுக்குத் தமிழ் பேசுவது வரை எல்லாம் அங்கே நடக்கும். வள்ளிக்கண்ணுவுக்குக் கனத்த குரல். விளம்பரத்தில் புடவையைப் பற்றிப் பேசினால் கடைக்கு ஓடத் தோன்றும். ஆனால் டப்பிங் என்று வந்தால் அங்கேயும் அவளுக்குச் சாகிறவள்தான். விக்கி, இழுத்து, கடைசி மூச்சை விடுவாள். விட்டதும் மைக்கை விட்டு நகராமல், "வள்ளிக்கண்ணு, நல்லாருக்கேன்" என்பாள். அவளாகவே வைத்துக்கொண்ட பழக்கம். அனீஸ் சிரித்துக்கொண்டே அதை வெட்டி எடுப்பார்.

சிரிப்பில் அவளுக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் ஐம்பது வயது நெருங்கும்போது ஒரு நாள், காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போது சொன்னாள். "எத்தனை தடவைடி சாவுறது. ஒரே ஒரு கதையில கடைசி சீன் வரைக்கும் உசுரோட இருக்கணும் லூர்து. எங்கப்பா அதைப் பார்க்கணும்."

"உங்கப்பா டிவி பார்க்கிறாரா?"

"பார்க்கிறாராம். நான் வர்றப்ப எந்திரிச்சுப் போயிடறாராம். தம்பி சொன்னான்."

அந்தக் கதை 2022இல் வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று முக்கொம்பு ரோட்டில் ஒரு பெரிய வீட்டை எடுத்து சீரியல் எடுத்தது. அதில் நாலு பிள்ளைகளுக்கு அம்மா. கடைசி நாள் வரை இருக்கிற அம்மா. அந்த வேடத்துக்கு வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். நான் சமையற்காரி. முதல் மாதம் அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். மேலூர்த் தெருவில் பால் வாங்கப் போனாலும் நாலு பிள்ளை பெற்றவள் மாதிரி போனாள்.

ஆடி மாதம், மேக்கப் அறையில் ரவிக்கை மாற்றும்போது என் கையைப் பிடித்து இடது மார்பில் வைத்தாள். உள்ளே புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. உருளவில்லை, நகரவில்லை.

"எத்தனை நாளா?"

"வெயில் காலத்துலேர்ந்து."

அன்றைக்கே தில்லை நகரில் ஒரு பெண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஊசியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் ஒளிக்கவில்லை. புற்றுநோய்தான், ஆரம்பத்தில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்து மருந்து ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம், முடி கொட்டும், ஆறேழு மாதம் வேலை கூடாது என்று சொன்னார். வள்ளிக்கண்ணு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாசலுக்கு வந்ததும், "சீரியல் முடியட்டும்" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?"

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? அடுத்த வாரமே அம்மா மேல லாரி ஏத்திடுவாங்க. இல்லேன்னா 'இவருக்குப் பதில் இவர்'னு போட்டுட்டு வேற ஒருத்திய உக்கார வைப்பாங்க. இன்னும் ஆறு மாசக் கதைதானே லூர்து."

"அண்ணன்கிட்டயாவது சொல்லுவோம்."

அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். ஆட்டோக்காரன் ஹார்ன் அடிக்கிறான், நகரவில்லை. "அவருகிட்ட சொன்னா வண்டியக் குறுக்க விட்டுருவாரு. வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

பண்ணினேன். ஏன் பண்ணினேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது, அது நல்ல பதில் இல்லை. அவள் வேடம் போனால் சமையற்காரி வேடமும் போகும். அது ஒன்று. இன்னொன்று, அவள் அடுத்ததாகச் சொன்னது. "எமனை எத்தனை தடவை சிரிச்சு ஏமாத்தியிருக்கேன். அந்தச் சிரிப்பெல்லாம் எங்க போயிரும்?" அந்தப் பேச்சை நானும் பாதி நம்பினேன். முப்பது வருஷம் பார்த்த கண். பிணமாகப் படுத்தவள் ஒவ்வொரு தடவையும் எழுந்து சிரித்துவிட்டு டீ கேட்டிருக்கிறாள். அவள் சாகக்கூடியவள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஆறு மாதம் என்றது பதினொரு மாதமாயிற்று. பார்க்கிறவர்கள் கூடக்கூடக் கதையை இழுத்தார்கள். இடையில் இரண்டு தடவை நான் பெரியண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். "என்ன தங்கச்சி?" என்பார். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா" என்று திரும்பிவிடுவேன். அந்தக் கதையில் அவளுக்குச் சாவு கிடையாது, அதனால் சிரிப்பும் கிடையாது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல், அவர் அவளை இறக்கிவிட்டுவிட்டு லோடுக்குப் போய்விடுவார். பொண்டாட்டி இளைப்பதைப் பார்த்து, "சீரியலுக்காகப் பட்டினி கெடக்கியா?" என்று ஒரு நாள் கேட்டாராம். "ஆமா" என்று சொல்லிவிட்டாள்.

கடைசி மாதங்களில் இருமல் வந்தது. முதுகு வலியில் உட்கார முடியவில்லை. வலி மாத்திரையை நான்தான் டீயோடு கொடுப்பேன். வைகாசிக் கடைசியில் கடைசி நாள் படப்பிடிப்பு. பெண்ணுக்குக் கல்யாணம், அம்மா ஆசீர்வாதம் பண்ணுகிறாள், எல்லோரும் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், சுபம். அவள் கையை நான் பிடித்துப் படியில் ஏற்றினேன். எடுத்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கீழே வந்து, "முடிச்சுட்டேண்டி" என்றாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து அனீஸ் கூப்பிட்டார். ஆசீர்வாதக் காட்சியில் கரூர் லைனில் போன ரயில் சத்தம் விழுந்திருக்கிறது, வசனத்தை மறுபடி பேச வேண்டும். மாடிப்படியில் நாலு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். "எல்லாரும் நல்லா இருங்க" என்பது வசனம். மூன்று வார்த்தைக்கு மூச்சு காணவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகப் பேசவைத்து அனீஸ் ஒட்டினார். முடிந்ததும் மைக் முன்னாலேயே கொஞ்சநேரம் நின்றாள். அவள் வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லப்போகிறாள் என்று நானும் அனீஸும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒன்றும் சொல்லாமல் காதில் மாட்டியதைக் கழற்றி வைத்தாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. நுரையீரல், ஈரல், எலும்பு, எல்லா இடத்துக்கும் போயிருந்தது. பெரியண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம், "திடீர்னு வந்துருச்சுங்க, முன்னாடி ஒண்ணுமே தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கட்டிலில் கிடக்கிறவள் என்னைப் பார்ப்பாள். நான் தரையைப் பார்ப்பேன். இருபத்து மூன்றாம் நாள் காலையில், ஆனி மாதம், போய்விட்டாள். பெரியண்ணன் காபி வாங்கப் போயிருந்தார்.

மேலூர் வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். துறையூரிலிருந்து தம்பி மட்டும் வந்தான். அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. "அவளுக்கு நான் அப்பவே அழுதாச்சு" என்று சொல்லிவிட்டாராம். நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். தலையை விரித்தேன். வாயைத் திறந்ததும் அறுபது தடவை அழுத அதே அழுகை, அதே ஏற்ற இறக்கத்தோடு வந்தது. பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், "சீரியல்ல அழுவாளே, அவதான்" என்றாள். ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வரவில்லை.

பெரியண்ணன் பெட்டிக்கு எதிரே, பத்தடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த இடம் எனக்குத் தெரியும். கேமராவுக்குப் பின்னால் அவர் நிற்கிற தூரம் அது. கொள்ளிடக்கரைக்குக் கொண்டுபோக நாலு பேர் குனிந்தபோது, "கொஞ்சம் இருங்க" என்றார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். யாரோ ஒருவர், "நேரமாவுதுங்க" என்றார். அவர் என் பக்கம் திரும்பி, "இன்னும் சிரிக்கலையே தங்கச்சி" என்றார். அங்கே இருந்தவர்களில் அது என்னவென்று புரிந்தது எனக்கு மட்டும்தான். நான் அவர் தோளைத் தொட்டு நகர்த்தினேன்.

சேனல்காரர்கள் நேரத்தை மாற்றியதில் சீரியலின் கடைசிப் பகுதி தள்ளிப்போய், காரியம் முடிந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு வந்தது. தனியாகப் பார்க்க முடியாது, வா என்று பெரியண்ணன் கூப்பிட்டிருந்தார். நானும் அவரும் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். கல்யாணம் நடந்தது. "எல்லாரும், நல்லா, இருங்க" என்றாள். கடைசியில் குடும்பமே வாசலில் நின்றது. நடுவில் வள்ளிக்கண்ணு. கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு படம் நின்றது.

பெரியண்ணன் டிவிக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "முன்னாடியே எடுத்துட்டாங்களா" என்றார். "சிரிப்ப மொதல்ல எடுத்துட்டாங்க தங்கச்சி. அதான் எந்திரிக்கல."

டிவியைக் காட்டிக் கேட்டார்.

"இது எப்ப எடுத்தது?"

"வைகாசிக் கடைசியில அண்ணே."

"எப்படி இளைச்சுப் போயிருக்கா பாரு. அப்பவே உள்ள இருந்திருக்கும்ல? நமக்குத்தான் தெரியல."

நமக்கு என்று என்னையும் சேர்த்துச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்குத் தெரியும் அண்ணே" என்றேன். "போன ஆடியிலேர்ந்து தெரியும். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனதே நான்தான். ஆபரேஷன் பண்ணினா பொழச்சுக்கலாம்னாங்க. சத்தியம் வாங்கிட்டா."

அவர் கத்துவார், அடிப்பார், எதையாவது உடைப்பார் என்று காத்திருந்தேன். டிவியை நிறுத்தினார். உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த என் பையை எடுத்துவந்து, என் கையில் தராமல், எனக்கு எதிரே தரையில் வைத்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார். "போயிட்டு வாங்க."

முப்பத்தோரு வருஷம் வா, போ, தங்கச்சி என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு மரியாதையில் என்னைத் தலைமுழுகிவிட்டார். நான் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் அழுகை வந்தது. ஒப்பாரி வரவில்லை, மாரடிக்கக் கை எழவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கித்தான் அழுதேன்.